வீட்டில் ஒரே போன், பாடத்துக்கு எப்போது கிடைக்கும்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

அருமனை பக்கம், நடுநிலைப்பள்ளி ஆசிரியை:

2020 ஜூன் மாதம். கொரோனாவால் பள்ளி திறக்கவில்லை. ஏழாம் வகுப்புக்குக் காலை 10 மணிக்கு வீடியோ வகுப்பு என்று அறிவித்தேன். 38 பேரில் முதல் நாள் 9 பேர் வந்தார்கள், நான்காம் நாள் 5 பேர். பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று நினைத்து இரண்டு வீடுகளுக்குப் போன் செய்து கோபமாகப் பேசிவிட்டேன். அப்படிப் பேசியது இன்றும் மனதை உறுத்துகிறது.

அப்புறம் முகக்கவசம் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடந்தேன். அப்பா விடியும் முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறார். போன் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. பால் எடுத்து, ஷீட் அடித்து வீடு திரும்ப உச்சிப்பொழுது ஆகிவிடும். அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்குப் போகும் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். ஸ்மார்ட்போன் பிள்ளையின் கைக்கு வருவது விளக்கு வைத்த பிறகுதான், அதுவும் அண்ணன் தம்பி முறை போட்டு. அந்த வீட்டில் 10 மணி வகுப்பில் யார் உட்கார முடியும்?

மறுநாளே நேரடி வகுப்பை நிறுத்தினேன். மூன்று நிமிடம் பேசி வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பினேன். கூடவே நோட்டில் பெரிதாக எழுதிய ஒரே ஒரு பக்கத்தின் படம். மூன்று நிமிடக் குரல்பதிவு ஒரு எம்.பி. அளவுகூட வராது, அதே நேர வீடியோ என்றால் 10 எம்.பி.யைத் தாண்டிவிடும். பதிலைக் குரலிலேயே அனுப்பலாம், ராத்திரி எத்தனை மணிக்கும் அனுப்பலாம் என்று சொன்னேன்.

வகுப்பில் பெயர் சொன்னால் எழுந்து நிற்பாள், ஆனால் வாயே திறக்கமாட்டாள், அப்படி ஒரு பிள்ளை. ஒரு ராத்திரி ஒன்பதரைக்கு அவளிடமிருந்து 40 விநாடிப் பதிவு வந்தது. பின்னால் ஓட்டில் மழை விழும் சத்தம். "கால் சிரட்டைப் பாலையும் அரைச் சிரட்டைப் பாலையும் கூட்டணும்னா, அரையை ரெண்டு காலா ஆக்கிக்கிட்டா போதும் டீச்சர், எண்ணிரலாம். அதுக்குத்தான் கீழே உள்ள எண்ணைச் சமமாக்குறோம்." ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையைத்தான் சொல்கிறாள். பின்னக் கூட்டலை நான் அத்தனை வருடத்தில் ஒருமுறையும் இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. அனுப்பும் முன் ஐந்து தடவை பேசிப் பேசி அழித்தாளாம், அவள் அம்மா சொன்னார். வகுப்பறையில் அழித்துவிட்டு மறுபடி சொல்ல யாரும் அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

உங்கள் வீட்டில், பள்ளியில் என்ன நடந்தது? உதவாமல் போனதையும் எழுதுங்கள்.

குளச்சலுக்கு மேற்கே, கடற்கரை ஊர், ஒரு அம்மா:

டீச்சர், எங்கள் வீட்டுப் போன் கடலுக்கே போய்விடும். இவர் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர். போனால் கரை திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். மகளிர் குழுவில் கடன் எடுத்துப் பழைய போன் ஒன்று வாங்கினேன். இராத்திரி போர்வைக்குள் விளையாட்டு ஓடியதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஒன்பது மணிக்கு அது அடுக்களைக்கு வந்துவிட வேண்டும். அது தனிப் போராட்டம்.

சொல்ல வந்தது வேறு. மகனுக்கு அட்சக்கோடு, தீர்க்கக்கோடு பாடம். புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடைப் போனில் காட்டினால் வீடியோ வரும், 2018-இல் வந்த புதிய புத்தகங்களிலிருந்து அந்த வசதி உண்டு. பூமி உருண்டை சுற்றுகிறது, கோடுகள் வருகின்றன, இவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. அன்றைக்கு இவர் கரையில் இருந்தார். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர், பிள்ளைகளின் புத்தகத்தைத் தொடவே தயங்குவார். "இங்க பாரு மக்கா" என்று தன் போனில் ஜிபிஎஸ்ஸைத் திறந்து எங்கள் வாசலின் எண்ணைக் காட்டினார். வடக்கு 8 டிகிரி, அதற்குப் பின்னால் மினிட், அதாவது டிகிரியில் 60-இல் ஒரு பங்கு. "தெக்கே வடக்கே ஒரு மினிட் ஓடினா ஒரு நாட்டிகல் மைல். 60 மினிட் ஓடினா ஒரு டிகிரி. கடல்ல எங்களுக்கு ஊர், தெரு, கதவு நம்பர் எல்லாம் இதுதான்."

மகன் கணக்குப் போட்டான். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர், 60 மடங்கு 111. புத்தகத்தைப் பிரித்தால் ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்றே இருந்தது. "அப்பா, நீங்க சொன்னதுதான் இதுல போட்டிருக்கு" என்றான். இவர் அந்த வரியை விரல் வைத்து இரண்டு தடவை வாசித்தார்.

பேச்சிப்பாறைக்கு மேலே, இல்லம் தேடிக் கல்வித் (வீட்டருகே பாடம் சொல்லும் அரசுத் திட்டம்) தன்னார்வலராக இருந்தவர்:

மூன்று நிமிடக் குரல்பதிவுகூட எங்களுக்கு வராது அக்கா. கோதையாறு, குற்றியாறு பக்கத்துக் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் டவர் கிடைக்கும் இடம் ஏதோ ஒரு பாறை மேலோ, வளைவிலோ இருக்கும். மழை பிடித்தால் கரண்டும் போய்விடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கேட்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் குலசேகரம் இறங்கி, கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களையும் திக்‌ஷா செயலியில் உள்ளவற்றையும் என் போனில் இறக்கிக்கொள்வேன். மேலே வந்து போனிலிருந்து போனுக்கு மாற்றிக் கொடுப்பேன். பக்கத்தில் இருக்கும் இரண்டு போன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். இது தெரியாமல் பல வீடுகளில் டேட்டா போட்டால்தான் பாடம் என்று நினைத்திருந்தார்கள். 17 பிள்ளைகள் ஒரே போனில் கேட்க வேண்டுமென்றால் அதை ஒரு எவர்சில்வர் செம்புக்குள் வைப்போம், சத்தம் நன்றாகப் பெருகும்.

ஆனால் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொண்டது நான் இறக்கிவந்த வீடியோவில் இல்லை. போனைக் கொடுத்து, பாட்டியிடம் பத்து மரத்தின் பெயரைக் கேட்டுப் பதிவு செய்து வா என்றேன். வந்ததும் நிறுத்தி நிறுத்திப் போட்டுக் கேட்டு எழுதினார்கள். ற-வா ர-வா என்று சந்தேகம் வந்தால் மறுபடி ஓட்டிப் பாட்டியின் குரலைக் கேட்பார்கள். எழுத்தே கூட்டத் தெரியாத ஒரு பையன் அந்தப் பத்துப் பெயரையும் பிழையில்லாமல் எழுதினான்.

தக்கலை, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்:

எல்லாம் நல்ல முயற்சிகள். என் கவலையையும் பதிகிறேன். ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று திறந்தபோது நானும் வகுப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். பதிலை வாயால் சொல்கிறார்கள், எழுதச் சொன்னால் நான்காவது வரியில் கையை உதறுகிறார்கள். போன் வழியாகக் கற்ற பிள்ளைகளும் அப்படித்தான். கைக்குப் பயிற்சியை எந்தச் செயலியும் தராது. தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

திருவட்டார் பக்கம், உயர்நிலைப்பள்ளிக் கணித ஆசிரியர்:

சார் சொல்வது உண்மை. அதனால்தான் நான் போனைப் பாடம் பார்க்கும் திரையாக வைக்காமல் அளக்கும் கருவியாக வைத்துப் பார்த்தேன்.

பத்தாம் வகுப்பில் ஏற்றக்கோணம் (உச்சியை அண்ணாந்து பார்க்கும் கோணம்) வரும்போது ஒரு சனிக்கிழமை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போனேன். 1966-இல் கட்டி முடித்தது, பறளியாற்றுப் பள்ளத்தைத் தாண்டித் தண்ணீர் கொண்டுபோகும் பாலம். உயரம் 115 அடி என்று எல்லாருக்கும் மனப்பாடம். மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது என்பதால் என்னுடையதும் இன்னொரு ஆசிரியருடையதும், மொத்தம் இரண்டு. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியை ஏற்றியிருந்தேன். போனுக்குள் முடுக்கமானி என்ற சின்ன உணரி உண்டு. புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அதற்குத் தெரியும், அதை வைத்துப் போன் எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும். விலை குறைந்த போனிலும் இது இருக்கும். போனின் நீள விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை டேப் போட்டு ஒட்டினோம். அதன் வழியே ஒருவன் தூணின் உச்சியைப் பார்ப்பான், இன்னொருவன் கோணத்தை வாசிப்பான்.

கரையோரம் ஒரு தூணிலிருந்து 25 மீட்டர் கயிற்றால் அளந்து நின்றோம். முதல் குழுவுக்கு 50 பாகை. 25-ஐ டேன் 50-ஆல் பெருக்கி, கண் உயரம் 1.4 மீட்டரைக் கூட்டினால் 31.2 மீட்டர். அடுத்த குழுவுக்கு 52 பாகை, உயரம் 33.4. இரண்டு பாகைக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசமா என்று சண்டையே வந்தது. கை நடுங்கியதா, ஸ்ட்ரா வளைந்ததா என்று அவர்களே தேடினார்கள். 115 அடி என்றால் 35 மீட்டர், அது ஏன் வரவில்லை என்று ஒருவன் கேட்டான். பதிலை நான் சொல்லவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் கீழே ஆற்றைக் காட்டி, "சார், நடுவுல பள்ளம். அங்க நிக்கிற தூணுக்குத்தான் 115, இது கரையில நிக்குது" என்றான்.

பாறையில் உட்கார்ந்து எல்லாரும் நோட்டில் படம் வரைந்து எழுதினார்கள். மூன்று பக்கம் எழுதினார்கள் தலைமையாசிரியர் சார், யாரும் கையை உதறவில்லை.

அருமனை பக்கம், நடுநிலைப்பள்ளி ஆசிரியை:

தலைமையாசிரியர் சார், நீங்கள் சொன்னது எனக்கும் பட்டது. அதனால் இப்போது குரல்பதிவில் சொன்ன பதிலை மறுநாள் நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறேன். எழுதிய பிறகு தன் பதிவைத் தானே கேட்டு ஒப்பிட்டுத் திருத்துவார்கள்.

குளச்சல் பக்கத்து அக்காவிடம் ஒரு வேண்டுகோள். மினிட்டுக்கு ஒரு நாட்டிகல் மைல் என்று உங்கள் வீட்டுக்காரர் மகனுக்குச் சொன்னாரே, அதை அவர் குரலிலேயே என் வகுப்புக்கு அனுப்ப முடியுமா? எங்கள் மலைப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் கடலில் எண்ணைப் பார்த்துப் போவார்கள் என்பதையே கேட்டதில்லை.

குளச்சலுக்கு மேற்கே, கடற்கரை ஊர், ஒரு அம்மா:

இவர் சனிக்கிழமை கரைக்கு வருகிறார் டீச்சர். மகன் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்து அனுப்புவான். மூன்று நிமிடம் போதாது, ஐந்தாகத் தரலாமா என்று கேட்கிறான்.