டெலோமியருக்கு ஒரு தமிழ்ச் சொல், வெள்ளிக்கு முன்

கல்லடியிலிருந்து:

கலைச்சொல் குழுமத்தார் எல்லோருக்கும் வணக்கம், ஸலாம்.

என்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்குப் போகும் குடும்பங்களுக்காக நான் தமிழாக்கும் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லூக்கேமியாவுக்கு "வெண்குருதிப் புற்றுநோய்" என்றும் ஸ்டெம் செல்லுக்குத் "தண்டுக்கலம்" என்றும் போட்டுவிட்டேன். ஏழாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். டெலோமியர். பதினொரு இடத்தில் வருகிறது.

கலத்துக்குள் மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தத்தின் (குரோமோசோம்) இரு நுனியிலும் இருக்கும் பகுதி அது. டி.என்.ஏ. எழுத்துகளில் டீ டீ ஏ ஜீ ஜீ ஜீ என்ற ஆறெழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வரும். கலம் பிரியப் பிரியத் தேயும். மிகவும் தேய்ந்துவிட்டால் கலம் பிரிவதை நிறுத்திவிடும். என் வரைவில் இருக்கும் வசனம்: "கொடையாளியின் டெலோமியர் நீளமாக இருந்தால் லூக்கேமியா நோயாளி கூடுதல் காலம் வாழ்வார்."

ஒரு சொல் தாருங்கள். கட்டுரை வேண்டாம்.

வந்தாறுமூலையிலிருந்து:

தங்கச்சி, சொல் ஏற்கெனவே பாதி இருக்கிறது. நிறமூர்த்தத்தின் இடுப்பான சென்ட்ரோமியருக்கு நான் முப்பது வருடம் படிப்பித்த சொல் மையப்பாத்து. அப்படியானால் டெலோமியர் முனைப்பாத்து. கிரேக்கத்தில் டெலோஸ் முடிவு, மெரோஸ் பகுதி. இதைவிட நேராக வராது.

பாத்து என்பதை இட்டுக்கட்டிய சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. பகு என்ற வேரிலிருந்து வந்தது. பாதி, பால், பாத்தி எல்லாம் அதன் உறவுகள். வள்ளுவர் "பழியஞ்சிப் பாத்தூண் உடைத்தாயின் வாழ்க்கை வழியெஞ்சல் எஞ்ஞான்றும் இல்" என்கிறார். பாத்தூண், பகுத்து உண்பது. அதே குறளில் வழியெஞ்சலும் இருப்பதைக் கவனியுங்கள். எஞ்சல் என்றால் குறைதல், அற்றுப்போதல். பாத்து எஞ்சினால் கலத்தின் வழியும் எஞ்சும். வள்ளுவருக்குக் கலப்பிரிவு தெரியும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

அக்கரைப்பற்றிலிருந்து:

சேர், குறள் நன்று. ஆனால் நான் வார்டில் வேலை செய்கிறவன். "முனைப்பாத்து" என்று எழுதினால் எங்கட உம்மாமார் "முனையைப் பார்த்து" என்றுதான் வாசிப்பார்கள். வீட்டில் "பாத்து, பாத்து" என்றால் விழுந்துவிடாதே என்று பொருள்.

கீமோ, பயொப்சி, பிளேட்லெட் எல்லாம் நாக்கில் ஏறிவிட்டன. போன மாதம் ஒரு தாய் மகனின் இரத்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நியூட்ரோபில் எண்ணிக்கையை என்னிடம் தசமத்தோடு சொன்னார். அவருக்கு டெலோமியர் பாரமா? அப்படியே விடுங்கள்.

காரைதீவிலிருந்து:

தம்பி, அப்படியே விடுவதாக இருந்தால் இந்தக் குழுமம் எதற்கு? அப்படியே விட்டாலும் டெலோமியரா, ரெலோமியரா? அதற்கே ஒரு வாரம் அடிபடுவோம்.

1930களில் சென்னையில் கலைச்சொல் மாநாடு கூடியபோது தலைமை தாங்கியவர் எங்கள் ஊர் விபுலானந்த அடிகள். ஏறக்குறைய அதே நேரத்தில், 1938இல், பழ ஈக்களுக்கு எக்ஸ் கதிர் அடித்துக்கொண்டிருந்த ஹெர்மன் முல்லர் இந்த டெலோமியர் என்ற சொல்லைக் கட்டினார். நுனி போன நிறமூர்த்தம் நிலைக்கவில்லை என்று கண்டு, அந்த நுனிக்குப் பெயர் வைத்தார். அவருடைய மொழிக்காரர்களுக்கும் அது அன்றைக்குப் புதுச் சொல்தான்.

என் சொல் கடைக்காப்பு. கடை என்றால் முடிவு. காப்பு அதன் தொழில். சம்பந்தர் பதிகங்களைத் திருக்கடைக்காப்பு என்கிறோம், பதிகத்தின் முடிவில் நிற்கும் பாட்டை வைத்து. முடிவில் நின்று காப்பது என்ற கருத்து தமிழில் ஆயிரத்து முந்நூறு ஆண்டாக இருக்கிறது. தேய்வதற்கும் சொல் தருகிறேன்: குறுக்கம். ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் போல. எழுத்து இருக்கும், மாத்திரை குறையும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

குறுக்கத்துக்கு என் ஓட்டு. கடைக்காப்பு என்றால் கடைக்கு வாச்சர் போட்டது மாதிரி இருக்கிறது, ஐயா. மன்னிக்கவும்.

மருதமுனையிலிருந்து:

எனக்கு இலக்கணம் தெரியாது. எங்கள் வீட்டில் தறி இருந்தது. துணியைத் தறியிலிருந்து அறுத்து எடுத்ததும் பாவு நூல் நுனிகள் தொங்கும். வாப்பா அதில் ஆறேழு இழையைச் சேர்த்துப் பிடித்து, விரலில் எச்சில் தொட்டு, தொடையில் வைத்து உருட்டி, ஒரு முடிச்சுப் போடுவார். அதுதான் குஞ்சம். ஆட்கள் அழகுக்கு என்று நினைப்பார்கள். முடிச்சு இல்லாவிட்டால் நாலு தோய்ச்சலில் ஊடை கழன்று வந்துவிடும். முடிச்சுக்குக் கீழே தொங்குவது தேயலாம், துணிக்கு ஒன்றுமில்லை. முடிச்சு வரைக்கும் தேய்ந்தால்தான் ஆபத்து.

நீங்கள் சொல்லும் சாமான் அதே வேலையைத்தான் செய்கிறது. குஞ்சம் என்று வையுங்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து:

குஞ்சம் விளக்கம் அருமை, காக்கா. நான் வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லுக்கு முன்னால் அந்த வசனத்தைப் பாருங்கள், அக்கா. அது அப்படியே அச்சுக்குப் போகக் கூடாது.

கொடையாளியின் டெலோமியர் நீளத்துக்கும் நோயாளி உயிர்வாழ்வதற்கும் தொடர்பு கண்ட, 2015இல் வந்த ஆய்வு லூக்கேமியா பற்றியது அல்ல. அது கடுமையான அப்லாஸ்டிக் அனீமியா, அதாவது மச்சை குருதிக் கலங்களை உண்டாக்காமல் விடும் நோய். கொடையாளிகள் உறவினரல்லாதவர்கள். லூக்கேமியாவில் கதை அவ்வளவு நேரானது அல்ல. லூக்கேமியாவாக மாறக்கூடிய மைலோடிஸ்பிளாசியா நோயாளிகள் 1500க்கு மேற்பட்டோரை வைத்து 2020இல் வந்த ஆய்வில், சிகிச்சைக்கு முன் நோயாளியின் சொந்த இரத்தத்தில் அளந்தார்கள். குறுகியிருந்தவர்களில் இறப்புக் கூடுதல். நோய் திரும்பியதால் அல்ல, சிகிச்சையின் பாதிப்புகளால். மாற்றுக்கு முன் கொடுக்கும் கடும் மருந்து உடம்பை எங்கும் அடிக்கிறது. அடிபட்ட இழையங்கள் திருத்திக்கொள்ளப் பிரிய வேண்டும். பிரிவதற்குக் கையிருப்பு இல்லை என்பது ஒரு விளக்கம்.

இன்னொன்று. "நீளம் நல்லது, குட்டை கூடாது" என்றும் எழுதிவிடாதீர்கள். டெலோமியரை மீள நீட்டும் நொதியம் டெலோமெரேஸ். கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் 1984இல் கண்டது, 2009இல் ஜாக் சோஸ்டாக்கோடு சேர்த்து நோபல் கிடைத்தது. அதே நொதியத்தைப் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலான புற்றுநோய்க் கலங்கள் ஓயாமல் பிரிகின்றன.

வீட்டில் இதை வாசிக்கும் அண்ணன், "என்னுடையது குட்டையாக இருந்து தம்பிக்கு ஏதும் ஆகிவிட்டால்?" என்று யோசிப்பான். கொடையாளியைத் தேர்வது முதலில் எச்.எல்.ஏ. பொருத்தத்தை வைத்து, அதாவது தன் கலம் எது, அந்நியம் எது என்று உடம்பு அறியும் அடையாளங்களை வைத்து. ஒரே தாய் தகப்பனின் பிள்ளை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பிறகு வயதும் மற்றவையும். டெலோமியரை அளந்து கொடையாளியைத் தேர்வது வழக்கம் அல்ல. அதை முதல் வரியிலேயே போடுங்கள்.

சொல்லுக்கு: முனைக்காப்பு.

கல்முனையிலிருந்து:

அந்த ஆறெழுத்துத் துண்டு பற்றி யாரும் பேசவில்லையே. இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா? பிரித்தால் பொருள் தராவிட்டால் இரட்டைக்கிளவி. ஆனால் நன்னூலார் அடுக்கை நாலோடு நிறுத்தச் சொல்கிறார். கலம் ஆயிரக்கணக்கில் அடுக்குகிறது. இதற்கு நூற்பா கிடையாது.

காரைதீவிலிருந்து:

முனைக்காப்பு என்பது என் கடைக்காப்பில் கடையை எடுத்துவிட்டு முனையைச் செருகியது. முனை என்றால் கூர், போர்முனை. முடிவு அல்ல. நூலில் காப்பு முதலில் வரும். முடிவில் வரும் காப்புக்குத்தான் "கடை" என்ற அடை தேவை.

வந்தாறுமூலையிலிருந்து:

பாத்து போய்விட்டால் மையப்பாத்து அநாதையாகிவிடும். பிள்ளை இரண்டையும் ஒரே குடும்பம் என்று எப்படி அறியும்? இது மாணவர்களுக்கான கேள்வி, நோயாளிகளுக்கானது அல்ல என்று சொல்வீர்கள். சரி. இன்றைய மாணவன் நாளைய நோயாளியின் மகன்.

கல்லடியிலிருந்து:

நேற்றிரவு வரைவை அடுத்த வீட்டு அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முனைப்பாத்து என்றதும் "எதைப் பாத்து?" என்றார். கடைக்காப்புக்குச் சிரித்தார். குஞ்சத்துக்குத் தலையாட்டினார், ஆனால் "டொக்டரிட்டப் போய் குஞ்சம் எண்டு எப்பிடி மனே கேக்கிற?" என்றார். முனைக்காப்பு என்றதும் கையிலிருந்த காப்பைத் தொட்டுப் பார்த்தார். மறுகா, "இது கையில, அது நுனியில, என்ன?" என்றார்.

ஆகவே: முதல் தடவை "டெலோமியர் எனப்படும் முனைக்காப்பு". அதற்குப் பிறகு முனைக்காப்பு. தேய்வதற்கு முனைக்குறுக்கம். குஞ்சம் முடிச்சு ஒரு பெட்டிச் செய்தியாக வருகிறது. என் பழைய வசனத்தை வெட்டிவிட்டேன். எண்ணிப் பார்த்தால் முனைக்காப்புக்கு நான்கு, பாத்துக்கு இரண்டு, கடைக்காப்புக்கு ஒன்று. அந்த ஒன்று யார் என்று சொல்லத் தேவையில்லை.

நாளை காலைக்குள் இன்னொன்று. மாற்றிய கலங்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும் நிலை, ஆங்கிலத்தில் கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட். பாடநூல் வழியில் போனால் ஹோஸ்ட்டுக்கு "விருந்துவழங்கி". வந்த விருந்தாளி வீட்டுக்காரரை அடிக்கிறார் என்றா எழுதுவது?

வந்தாறுமூலையிலிருந்து:

பாத்தூண் கொடுத்தவனுக்கே அடியா? இதற்கு நான் இன்றிரவு எழுதுகிறேன்.

காரைதீவிலிருந்து:

எழுதுங்கள். கடைக்காப்பை நான் மீளப் பெறவில்லை என்பதையும் பதிவில் வையுங்கள்.