ஆயுதக் கட்டுப்பாடும் சுடும் போட்டியாளர்களும்: சுங்கை சிப்புட்காரர்களின் அனுபவப் பகிர்வு

பத்து மீட்டர்:

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வளர்ந்து, இப்போது காற்றழுத்தத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் பங்கேற்று வருகிறேன். எங்கேனும் ஒரு நாட்டில் புதிய ஆயுதக் கட்டுப்பாடு முன்மொழியப்படும்போது சுடும் விளையாட்டுக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது நம் மக்களிடையே அதிகம் பேசப்படுவதில்லை. உறுப்பினர்கள் நேரில் கண்டதையும் கேட்டதையும் எழுத வேண்டுகிறேன். முதலில் என்னுடையதை எழுதிவிடுகிறேன்.

என் பெரியப்பா மகன் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் குடியிருக்கிறார். 2019 மார்ச் 15 அன்று அந்நகரின் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரின் உயிரைப் பறித்த தாக்குதல் நடந்தபோது, அவர் உள்ளூர்ச் சங்கமொன்றில் அரைத்தானியங்கித் துப்பாக்கியால் போட்டிகளில் சுட்டுக்கொண்டிருந்தார். ஆறே நாட்களில் அரசாங்கம் தடையை அறிவித்தது. ஏப்ரல் 10 அன்று நாடாளுமன்றத்தில் 119 பேர் ஆதரிக்க, ஒருவர் மட்டும் எதிர்க்க, சட்டம் நிறைவேறியது. அவர் அப்போது என்னோடு தொலைபேசியில் பேசியது இன்னும் நினைவிருக்கிறது. துப்பாக்கி போவதைப் பற்றி அவர் அதிகம் பேசவே இல்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் தம்மைப் பார்க்கும் விதம் மாறிவிட்டது என்பதும், கொலைகாரனுக்கு எளிதாக உரிமம் வழங்கிய அமைப்பின் குறைக்கு விதிப்படி நடந்தவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுமே அவரைப் பெரிதும் வருத்தின. ஆனாலும் அவர் ஒளித்து வைக்கவில்லை. ரிக்கார்ட்டன் குதிரைப்பந்தயத் திடலில் காவல்துறை நடத்திய ஒப்படைப்பில் வரிசையில் நின்று கொடுத்தார். இயந்திரம் அதை நசுக்குவதையும் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாத பெட்டி உடைய, சிறு தோட்டா சுடும் .22 ரகத் துப்பாக்கிகள் தடையிலிருந்து விலக்கப்பட்டிருந்ததால், இன்று அந்த வகையில்தான் போட்டியிடுகிறார்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. 1948 ஜூன் 16 அன்று எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலிருந்த மற்றொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டது நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில்தான். கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க ஆங்கிலேய ஆட்சி அறிவித்த அவசரகாலம் அதைத் தொட்டுப் பிறந்தது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்ற ஒழுங்குவிதிகளின் கீழ் நம் தாத்தா பாட்டிமார் தோட்டங்களில் வாழ்ந்தார்கள். அவசரகாலம் முடிவுக்கு வந்த 1960இல்தான் இன்றும் நடப்பில் உள்ள ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. 1971இல் தண்டனைகளைக் கடுமையாக்கும் தனிச் சட்டமும் சேர்ந்தது. நான் சுடும் காற்றழுத்தத் துப்பாக்கிகூட இச்சட்டத்தின் பார்வையில் ஆயுதமே, அதற்கும் உரிமம் வேண்டும். வெளிநாட்டுப் போட்டியாளர்கள் எதைப் புதிய கட்டுப்பாடு என்று அஞ்சுகிறார்களோ, அதற்குள்தான் நாம் தொடக்கம் முதல் விளையாடி வருகிறோம்.

ஓய்வுபெற்ற கிராணி:

தம்பி எழுதியதைப் படித்தேன். நான் போட்டியாளன் அல்லன். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த காலத்தில், இளஞ்செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் தோண்டிக் குருத்தைத் தின்றுவிடும் என்பதற்காக உரிமம் பெற்று வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்த அண்ணன் ஒருவருக்கு மனுக்களை எழுதிக் கொடுத்தவன். எதற்காகத் தேவை, எந்த நிலத்தில், எங்கே பூட்டி வைக்கப்படும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுத வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும் நாளில் அவர் வெள்ளைச் சட்டை அணிந்து, துப்பாக்கியைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போவார். அதை ஓர் அவமானமாக அவர் கருதியதே இல்லை. தம் பெயர் பதிவேட்டில் ஒழுங்காக இருப்பதில் அவருக்குப் பெருமை இருந்தது.

ஆஸ்திரேலியாவில் குடியேறிய என் தங்கை மருமகனோ, காற்றில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டிகளில் ஆர்வமுள்ளவர். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு அங்கே வந்த தேசிய உடன்பாட்டின்படி, துப்பாக்கி கேட்பவர் உண்மையான காரணம் காட்ட வேண்டும், தற்காப்பு என்பது காரணமாக ஏற்கப்படாது, சங்க உறுப்பினராயிருப்பது ஏற்கப்படும். அவர் சங்கத்திலுள்ள மூத்தவர்கள், ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்ட அந்த நாட்களைப் பற்றி இன்னமும் கசப்போடு பேசுகிறார்களாம். காரணம் கேட்பதில் என்ன தவறு என்று நான் அவரிடம் கேட்டேன். “காரணம் கேட்பதில் தவறில்லை மாமா. வாத்து வேட்டைக்காரனையும் தட்டுச் சுடுபவனையும் கொலைகாரனையும் ஒரே மூச்சில் பேசுவதுதான் வலிக்கிறது” என்றார். அது நியாயமான வருத்தமாகவே எனக்குப் பட்டது. இருந்தாலும் மடிந்தவர்களின் குடும்பங்களுக்கு முன்னால் அந்த வருத்தத்தைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும் என்பதே என் எண்ணம்.

செம்பனைத்தோப்பு:

என் மகள் பள்ளிப் பருவத்திலிருந்து பத்து மீட்டர் காற்றழுத்தத் துப்பாக்கிப் பயிற்சி பெறுகிறாள். 2012இல் எட்டு மாதக் கர்ப்பிணியாக லண்டன் ஒலிம்பிக்கில் சுட்ட நம் நாட்டு வீராங்கனை நூர் சூர்யானியைப் பற்றி அறிந்துதான் அவளுக்கு ஆசை பிறந்தது. பத்து மீட்டர் தொலைவிலிருந்து சுடும் அந்தப் போட்டியின் இலக்கில், பத்து மதிப்பெண் தரும் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு பொட்டு. மூச்சையும் நாடித்துடிப்பையும் அடக்கி நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்த பிறகு, இதை வன்முறையோடு சேர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. உறவினர்களுக்குச் சுடுதளத்தின் ஒழுங்கு தெரியாது: அதிகாரி கட்டளையிடாமல் யாரும் துப்பாக்கியைத் தொடுவதில்லை, குழல் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்கும், சுடாத நேரத்தில், துப்பாக்கியில் குண்டு இல்லை என்று காட்டக் குண்டறைக்குள் வண்ண நாடா ஒன்று செருகப்பட்டிருக்கும்.

லங்காவியில் பிரிட்டனைச் சேர்ந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். இளமையில் கைத்துப்பாக்கிப் போட்டியாளராக இருந்தவர். 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும் கொல்லப்பட்டனர்; கொன்றவன் கையிலிருந்த துப்பாக்கிகள் உரிமம் பெற்றவை. விசாரணை நடத்திய நீதிபதி கலன் பிரபு, போட்டித் துப்பாக்கிகளைச் சுட முடியாதபடி செய்து, முக்கியப் பாகத்தைச் சங்கத்தில் பூட்டி வைப்பது போன்ற வழிகளைப் பரிந்துரைத்ததாகவும், அரசாங்கம் அதைத் தாண்டி 1997இல் இரண்டு சட்டங்களால் கைத்துப்பாக்கிகளையே தடை செய்ததாகவும் அவர் விளக்கினார். அதன்பின் நாட்டின் கைத்துப்பாக்கிப் போட்டியாளர்கள் பயிற்சிக்காக வெளிநாடு போனார்கள். 2002இல் மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டுக்கே தனி அனுமதி தேவைப்பட்டது. அவர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிக்கு மாறிக்கொண்டார். “என் விளையாட்டை இழந்தேன். ஆனால் அந்தப் பெற்றோர்களிடம் போய் அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை” என்றார். என் மகள் அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

பத்து மீட்டர்:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. ஐயா சொன்ன தாழ்ந்த குரல் எனக்கும் சரியென்றே படுகிறது. அதே நேரத்தில், சட்டம் எழுதுவோர் போட்டியாளர்களை அழைத்துக் கேட்காமல் அவசரத்தில் எழுதும்போது, தேவையானது தளர்ந்தும் தேவையற்றது இறுகியும் போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். டன்பிளேனில் கொன்றவனைப் பற்றிக் காவல்துறைக்கு முன்பே புகார்கள் வந்திருந்தும் அவனுடைய உரிமம் பறிக்கப்படவில்லை. கிறைஸ்ட்சர்ச்சிலும் உரிமம் கேட்டவனின் பின்னணியைக் காவல்துறை ஒழுங்காக விசாரிக்கவில்லை. இரண்டிலும் ஓட்டை இருந்தது மனிதரைச் சோதிக்கும் இடத்தில்தான்.

ஆகவே நம் நாட்டில் எப்போதாவது சட்டத் திருத்த வரைவு வந்து மக்கள் கருத்துக் கேட்கப்பட்டால், எங்கள் சங்கத்தின் சார்பில் இரண்டு கோரிக்கைகளை எழுதித் தர நான் முயல்வேன். உரிமம் கேட்பவரின் மனநிலையையும் வீட்டுச் சூழலையும் இன்னும் கடுமையாக ஆராயுங்கள். அதற்கு நாங்கள் முழுமனதோடு உட்படுகிறோம். ஈயக்குண்டு சுடும் பத்து மீட்டர்த் துப்பாக்கியைத் தனிப் பிரிவாக வைத்து, மேற்பார்வையோடு பயிலும் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் துப்பாக்கியையே பயன்படுத்த எளிய வழி செய்யுங்கள். அக்கா, உங்கள் மகள் எந்தத் துப்பாக்கியில் பயில்கிறாள், அனுமதி பெற எவ்வளவு அலைய வேண்டியிருந்தது என்பதை விரிவாக எழுதினால், அதையும் அந்தக் கடிதத்தில் சேர்த்துக்கொள்வேன்.