மறு: ‘பில்ட் குவாலிட்டி’க்குக் கட்டுமானத் தரம் பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

கார் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த மடல் இழையில் இரண்டு சொற்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. கார் வாங்கும்போது பார்க்கும் பில்ட் குவாலிட்டிக்குக் ‘கட்டுமானத் தரம்’, டிரைவிங் ஃபீலுக்கு ‘ஓட்டுணர்வு’. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கட்டுமானத் தரம் என்றால் எல்லோருக்கும் புரியும். புதிதாகத் தேட வேண்டியதில்லை.

புரியும்தான், கூடவே சிமெண்டும் ஜல்லியும் நினைவுக்கு வரும். அது சின்னக் குறை. பெரிய குறை, ஆங்கிலச் சொல்லே மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறது என்பது. ஷோரூமில் ஒருவர் கதவைச் சாத்திப் பார்த்து ஓசையைக் கேட்கிறார். இன்னொருவர் பானெட்டை விரல் முட்டியால் தட்டுகிறார். மூன்றாமவர், “பத்து வருஷம் தாங்குமா?” என்று கேட்கிறார். மூன்று பேருக்கும் விற்பனையாளரிடம் ஒரே பதில்தான்: “பில்ட் குவாலிட்டி சூப்பர் சார்.” நாமும் ஒற்றைச் சொல்லாக ஆக்கினால் அந்த மழுப்பலுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்டது போலாகும். எனவே மூன்று சொல் வேண்டும்.

முதலாவது, மோதினால் நொறுங்காமல் நிற்கிற கூட்டின் பலம். இதற்குக் ‘கட்டுறுதி’ என்கிறேன். பானெட்டைத் தட்டி இதை அறிய முடியாது. வெளித் தகடு பல கார்களில் முக்கால் மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மோதலின் சுமையைப் பெரும்பாலும் வாங்குவது, உள்ளே இருக்கும் தூண்களும் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிக் குழலும் அவற்றில் பயன்படுத்திய எஃகின் வகையும். தகடு மெலிதாக இருக்கும் வண்டியில் கூடு பலமாக இருக்கலாம். “தகர டப்பா” என்று ஒரு வண்டியைத் திட்டுபவர்களும் “டேங்க் மாதிரி” என்று இன்னொன்றைப் புகழ்பவர்களும் தட்டிப் பார்த்தது ஒரே தோலைத்தான்.

கட்டுறுதியையும் நட்சத்திரக் கணக்கையும் ஒன்றாக்குவதும் தவறு. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் குளோபல் என்காப் அமைப்பு, 2014இல் இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத அடிப்படை வகைகள் எல்லாமே பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ஜியம் வாங்கின. ஆனால் அந்த ஐந்தில் மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோவின் கூடும் ஃபோக்ஸ்வாகன் போலோவின் கூடும் குலையாமல் நின்றன. கூடு தாங்கியும், ஏர்பேக் இல்லாததால் உள்ளே இருப்பவருக்குக் காப்பு இல்லை. அதே போலோவை இரண்டு ஏர்பேக்குகளோடு மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது. ஆக, கட்டுறுதி வேறு, பாதுகாப்பு மதிப்பீடு வேறு. 2018 இறுதியில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியதிலிருந்தும், 2023 அக்டோபரில் இந்தியாவின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்காப் தொடங்கியதிலிருந்தும் ‘ஐந்து நட்சத்திர பில்ட் குவாலிட்டி’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தமிழிலாவது இதைப் பிரித்து எழுதுவோமே.

இரண்டாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: ‘செய்நேர்த்தி’. கண்ணுக்கும் விரலுக்கும் தெரிகிற பொருத்தம். இங்கே புதிதாக எதையும் ஆக்கவே வேண்டாம், தச்சரிடமும் கொத்தனாரிடமும் எல்லாம் இருக்கிறது. முன் மடலில், தகடுகளுக்கு நடுவே விடும் பேனல் கேப்புக்குப் ‘பலகை இடைவெளி’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். கதவுச் சந்தில் விரலை நசுக்கிக்கொண்ட எவரும் அப்படிச் சொல்லமாட்டார். அது ‘சந்து’. அளந்து சொன்னால் ‘சந்தளவு’. ஜெர்மன்காரர்கள் ‘ஷ்பால்ட்மாஸ்’ என்று எழுதுவதும் இதே பொருளில்தான்: சந்து, அளவு, இரண்டையும் சேர்த்த ஒற்றைச் சொல். பக்கத்துப் பக்கத்துத் தகடுகள் ஒரே உயரத்தில் நிற்பது ‘மட்டம்’. தொழிற்சாலையில் கேப் அண்ட் ஃப்ளஷ் என்று சோதிப்பதைச் ‘சந்தும் மட்டமும்’ என்றால் முடிந்தது. ‘மட்டமான வண்டி’ என்று யாராவது தவறாகப் படித்துவிடுவார்கள் என்பது ஒன்றுதான் ஆபத்து. ‘மட்டம் சரியாக இருக்கிறது’ என்று எழுதினால் அந்தப் பயமும் இல்லை.

எப்படிப் பார்ப்பது? முன் கதவும் பின் கதவும் சேரும் கோட்டுக்கு நேராகக் குனிந்து மேலிருந்து கீழ்வரை பாருங்கள். அகலம் எவ்வளவு என்பதைவிட, மேலே இருந்த அகலம் கீழேயும் இருக்கிறதா, இடப்பக்கம் இருப்பது வலப்பக்கமும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிறகு கண்ணை மூடி விரலைக் குறுக்கே இழுத்தால் மட்டம் தெரிந்துவிடும். கண்ணைவிட விரல் நுணுக்கமானது. அப்புறம் டிக்கியில் விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பாருங்கள். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்த இடத்தில் பெயிண்ட் எப்படி அடித்திருக்கிறார்கள் என்பது நிறையச் சொல்லும்.

பழைய கார் பார்ப்பவர்களுக்குச் சந்து இன்னும் முக்கியம். அவர்கள் அழகுக்காகப் பார்ப்பதில்லை. ஒரு பக்கச் சந்து மட்டும் அகன்றிருந்தால் அங்கே அடிபட்டு டிங்கரிங் பார்த்திருக்கிறது என்று சந்தேகம். பானெட் கீலில் இருக்கும் போல்ட்டின் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் ஸ்பானர் போட்டுக் கழற்றியிருக்கிறார்கள். எஃகுத் தகட்டில் காந்தத்தை வைத்து நகர்த்தினால், பட்டி (நசுங்கலை நிரப்பும் பூச்சு) கனமாகப் பூசிய இடத்தில் பிடிமானம் தளரும். டிங்கரிங், பட்டி, இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் அப்படியே சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவற்றுக்குத் தூய தமிழ் தேடுவது வீண் வேலை.

கதவோசை பற்றியும் ஒரு வார்த்தை. ‘தொப்’பென்று சாத்தினால் உறுதியான வண்டி, ‘டங்’கென்றால் தகரம் என்பது ஊரறிந்த சோதனை. கதவுத் தகட்டின் உட்புறம் ஒட்டும் அதிர்வடக்கும் பட்டை, ஓரத்து ரப்பர் பீடிங், பூட்டின் நாக்கு விழும் விதம், இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த ஓசை. நிறுவனங்கள் அதற்கென்றே பொறியாளர்களை வைத்து மெருகேற்றுகின்றன. எனவே கதவோசை செய்நேர்த்திக் கணக்கில் வரும், கட்டுறுதிக் கணக்கில் வராது.

மூன்றாவது, காலப்போக்கில் தாங்குவது. ‘நீடுழைப்பு’. “இந்தச் செருப்பு நல்லா உழைச்சுது” என்று சொல்வோமே, அந்த உழைப்பு. சுவிட்சின் எழுத்து அழியாமல் இருப்பது, இருக்கைப் பஞ்சு அமுங்காமல் இருப்பது, டேஷ்போர்டு கிளிப்கள் தளர்ந்து கடகடக்காமல் இருப்பது எல்லாம் இதில் அடங்கும். புதுக் காரில் இதைப் பார்க்க வழியில்லை. அதே மாடலில் நாலைந்து வருடம் டாக்ஸியாக ஓடிய வண்டி கிடைத்தால் ஏறி உட்கார்ந்து பாருங்கள்.

சரி, இனி ஓட்டுணர்வு.

> ஓட்டுணர்வு சுருக்கமாகவும் இனிமையாகவும் இருக்கிறது.

தேர்தல் நேரத்தில் இதைத் தலைப்பில் போட்டால் வாக்காளர் விழிப்புணர்வுக் கட்டுரை என்று திறப்பார்கள்! அது கிடக்கட்டும். ‘உணர்வு’ என்று முடித்துவிட்டால் எதையும் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை என்ற வசதி வந்துவிடுகிறது. ஓட்டுநர்கள் அப்படிப் பேசுவதில்லை. “கைக்கு வாகா இருக்கு”, “சொன்னபடி கேக்குது”, “ரோட்டைப் பிடிச்சுப் போகுது”, “வளைவுல சாயுது”, “பின்னாடி தூக்கிப் போடுது” என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். இதில் ‘வாகு’ என்ற சொல் தங்கம். ஒட்டுமொத்தமாக ‘ஓட்டுவாகு’, ஹேண்ட்லிங்குக்குக் ‘கைவாகு’, பாடி ரோலுக்கு வெறும் ‘சாய்வு’.

ஸ்டியரிங்கில் இரண்டைப் பிரிக்க வேண்டும்: ‘கனம்’, ‘சேதி’. மின்மோட்டார் உதவும் ஸ்டியரிங்கில் கனத்தை மென்பொருளே கூட்டிக் குறைக்க முடியும். ஸ்போர்ட் மோடு பொத்தானை அழுத்தினால் பல கார்களில் நடப்பது அதுதான். கை வலிக்கும், ஆனால் டயர் என்ன செய்கிறது என்று கைக்கு எதுவும் வந்து சேராது. வளைவில் டயர் தானாக நேராகத் திரும்பப் பார்க்கும் விசை, பிடிமானம் குறையும்போது தளரும். அந்தத் தளர்ச்சி கைக்கு எட்டுவதைத்தான் சேதி என்கிறேன். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கை இன்றும் சிலர் விரும்புவதற்கு இதுவே காரணம். 2011இல் போர்ஷே தன் 911 ஸ்போர்ட்ஸ் காரை மின்மோட்டார் ஸ்டியரிங்குக்கு மாற்றியபோது ரசிகர்கள் முணுமுணுத்ததும் இதை வைத்துத்தான். ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பியும் சக்கரம் அசையாத அந்த வெற்று இடைவெளியை மெக்கானிக்குகள் ‘ப்ளே’ என்கிறார்கள், ‘ஆட்டம்’ என்றும் சொல்கிறார்கள். ஆட்டமே போதும்.

இந்த மாதிரிப் பேச்சு வழக்கை எடுத்தால் பொறியியல் மதிப்பிருக்காது என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். ஜப்பானின் மாஸ்டா, 1989இல் எம்எக்ஸ்-5 காரைக் கொண்டுவந்தபோது வடிவமைப்புக்கே வழிகாட்டியாக வைத்தது ‘ஜின்பா இட்டாய்’ என்ற தொடரை. ஆளும் குதிரையும் ஓருடல் என்று பொருள், குதிரைமேலிருந்து அம்பெய்யும் கலையோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் இருக்கையையும் கியர் தண்டின் அசைவையும் எடைப் பங்கீட்டையும் தீர்மானித்தார்கள். பொறியியல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

> பேசாமல் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமே?

பாதி ஒப்புக்கொள்கிறேன். கிளட்ச், பிரேக், கியர், பானெட் எல்லாம் இருக்கட்டும். கிளட்சை ‘உரசிணைப்பி’ ஆக்கி யாரும் வண்டி ஓட்டப்போவதில்லை. உறுப்புகளின் பெயர் எந்த மொழியில் இருந்தாலும் வேலை நடக்கும். நல்லது கெட்டது சொல்லும் சொற்கள்தான் நம்முடையதாக இருக்க வேண்டும். வாங்குபவர் கேள்வி கேட்பது அவற்றை வைத்துத்தான். “சந்து ஏன் இந்தப் பக்கம் அதிகமா இருக்கு?” என்று கேட்பவரிடம் ‘சூப்பர் சார்’ செல்லாது.

மிச்சம் ஒன்று: என்விஎச், அதாவது நாய்ஸ், வைப்ரேஷன், ஹார்ஷ்னஸ். முதல் இரண்டுக்கு ‘இரைச்சல், அதிர்வு’ சரி. மூன்றாவதுக்குப் பட்டியலில் இருக்கும் ‘கடுமை’ ஒட்டவில்லை. பாலத்து இணைப்பில் டயர் ஏறி இறங்கும்போது இருக்கையில் சுருக்கென்று படுகிறதே, அதற்கு ‘உறுத்தல்’ எப்படி? ஒர்க்‌ஷாப் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் அங்கே வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள். டெஸ்ட் டிரைவுக்குப் போகிறவர்கள் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, விற்பனையாளர் காட்டும் நல்ல ரோட்டை விட்டு ஒரு மோசமான தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதில் போட்டால் இன்னும் நல்லது. டார்க் ஸ்டியர் (வேகமெடுக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது), அண்டர் ஸ்டியர் (வளைவில் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பாதது) இரண்டையும் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம், இதிலேயே போட்டால் மடல் நீண்டுகொண்டே போகும்.