பனங்காடை குறைகிறது, பதிவுகள் மட்டும் கூடுவது ஏன்?

குளத்தங்கரை:
வணக்கம். ஆறு ஆண்டுகளாக எங்கள் ஊர்க் குளத்தில் பறவை பார்த்து, பறவை பார்ப்போர் கண்டதைப் பதியும் இபேர்டு இணையதளத்தில் பட்டியல் ஏற்றி வருகிறேன். கரையோர மின்கம்பியில் தினமும் உட்கார்ந்திருந்த பனங்காடையை இப்போது எப்போதாவதுதான் காண்கிறேன். ஆனால் எங்கள் மாவட்டத்தில் அதன் பதிவுகள் ஆண்டுக்காண்டு கூடுகின்றன. நேரம் கிடைத்தபோது எங்களைப் போன்றோர் எழுதுவதை நம்பி ஒரு பறவையின் ஏற்ற இறக்கத்தைச் சொல்ல முடியுமா?

வால்காக்கை:
கூடியிருப்பது பறவை அல்ல, பார்ப்பவர்கள். அதனால்தான் ஆய்வாளர்கள் பதிவுகளை எண்ணுவதில்லை. அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிய முழுமையான பட்டியல்கள் நூற்றில் எத்தனையில் அப்பறவை இடம்பெற்றது என்று பார்க்கிறார்கள். நூற்றுக்கு நாற்பதில் இருந்தது இருபத்தைந்தில் என்றானால், பட்டியல்கள் பத்து மடங்கு பெருகியிருந்தாலும் அது சரிவுதான். கால் மணி நேரம் நின்றவரையும் மூன்று மணி நேரம் நடந்தவரையும் ஒரே தராசில் வைக்காதபடி, பட்டியலின் நீளத்துக்கேற்பத் திருத்தமும் செய்கிறார்கள். ஏறத்தாழ 30,000 பேரின் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பனங்காடை சுமார் 12 ஆண்டுகளில் 30 விழுக்காடு குறைந்ததாகச் சொல்கிறது. உங்கள் மின்கம்பி பொய் சொல்லவில்லை.

தவிட்டுக்குருவி:
இதில் 'முழுமையான' என்ற சொல்தான் உயிர். தொடக்கத்தில் நான் காகத்தையும் மைனாவையும் போய் எழுதுவானேன் என்று விட்டுவிட்டு, 'அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று தட்டிவிடுவேன். அதாவது, எங்கள் தெருவில் காகமே இல்லை என்று இரண்டு ஆண்டுகள் சான்று கொடுத்திருக்கிறேன்! பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் 'இல்லை' என்று மாற்றினேன். எண்ண முடியாவிட்டால் 'எக்ஸ்' குறியிட்டால் போதும். பெயர் தெரியாத பறவையை விட்டுவிடுவதும் குற்றமில்லை.

வால்காக்கை:
இன்னொன்று, நாம் எல்லோரும் ஏரிக்கும் சரணாலயத்துக்கும்தான் ஓடுகிறோம். பனங்காடை வாழும் காய்ந்த தரிசுக்கும் அறுத்த வயலுக்கும் போவோர் குறைவு. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போதாவது அங்கே கால் மணி நேரம் நின்று, பார்த்த நான்கே பறவைகளை எழுதினாலும், ஏரியின் நூறாவது பட்டியலைவிட அது பெறுமதியானது. பழைய தரவும் தேவைப்படுகிறது: அந்த அறிக்கை ஆராய்ந்த 942 இனங்களில் 338க்கு மட்டுமே நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தது.

குளத்தங்கரை:
மிக்க நன்றி. என்னிடம் 1998ஆம் ஆண்டு நோட்டு ஒன்று இருக்கிறது. தேதியும் இடமும் உண்டு, ஆனால் அரிய பறவைகளை மட்டுமே குறித்திருக்கிறேன்.

தவிட்டுக்குருவி:
தாராளமாக ஏற்றுங்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்று போட்டுவிடுங்கள்.