கிரிப் (கிரிபென்சிஸ் மீன்) குஞ்சு அத்தனையும் பெண்ணாகவே வருகிறது, எங்கே தப்பு?

பெரம்பூர் தொட்டி:
வணக்கம். போன பேட்ச் கிரிபென்சிஸில் 46 குஞ்சு தேறியது. நாலு மாதம் கழித்துப் பார்த்தால் 41 பெண்! வயிறெல்லாம் சிவந்து அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கொளத்தூர் மீன் கடையில் "ஜோடியா இருந்தா எடுத்துக்கறோம்" என்கிறார்கள். அமிலத் தண்ணீரில் ஆண் கூடும் என்பதால் ஆர்.ஓ. (உப்பு நீக்கிய தண்ணீர்) கலந்து பி.எச். (அமில-கார அளவு) 6.2-இல் வைத்திருக்கிறேன். போன மாதம் அமிலம் கூடட்டும் என்று பாதாம் இலைகூடப் போட்டுப் பார்த்தேன்.

பழைய மீன்காரன்:
மூன்று மாதக் குஞ்சுக்கு இலை போட்டு என்ன செய்ய, தம்பி? ஆணா பெண்ணா என்பது ஏறக்குறைய முதல் ஒரு மாதத்திலேயே முடிவாகிவிடும். நிறம் தெரியும்போது எல்லாம் முடிந்த கதை. சரி, அந்த 6.2 எந்தத் தொட்டியில்? முட்டையிட்டதிலா, குஞ்சு வளர்ந்ததிலா?

பெரம்பூர் தொட்டி:
ஐயோ அண்ணா. தாய் தகப்பனே தின்றுவிடுமோ என்று பயந்து, நீந்த ஆரம்பித்த நாலாம் நாளே பால்கனித் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். அதில் வெறும் போர் தண்ணீர். இப்போதுதான் அளந்தேன், 7.9.

பழைய மீன்காரன்:
அதுதான். கிரிப்புக்கு பி.எச். ஏறினால் பெண், இறங்கினால் ஆண். அதற்காக வினிகர் ஊற்றிவிடாதீர்கள். நம்ம போர் தண்ணீரில் கார்பனேட் அதிகம். இன்று இறங்கும், நாளைக்குப் பழையபடி ஏறும், நடுவில் குஞ்சு சாகும். ஆர்.ஓ. கலந்து கடினத்தைக் குறைத்தால்தான் பி.எச். நிற்கும். 6.5 பக்கம் வைத்துப் பாருங்கள். குஞ்சைப் பெற்றோரிடமே விடுங்கள், கிரிப் நன்றாகவே மேய்க்கும்.

அப்பிஸ்டோ பித்தன்:
இதே கணக்கை அப்பிஸ்டோகிராமாவுக்கு (இன்னொரு சின்ன மீன் வகை) போட்டு ஏமாந்தவன் நான். அங்கே சூடுதான் பெரிய ஆள். 1996-இல் ரோமர், பைசன்ஹெர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 23, 26, 29 டிகிரியில் வளர்த்துப் பார்த்தார்கள். பெரும்பாலான இனங்களில் சூடு கூடக்கூட ஆண் கூடியது. என் காக்கடூ (அப்பிஸ்டோவில் ஒரு இனம்) குஞ்சு சித்திரையில் 31 டிகிரியில் வளர்ந்தது, ஏறக்குறைய எல்லாம் ஆண். இப்போதெல்லாம் மார்கழிக் குஞ்சைத்தான் நம்புகிறேன்.

பெரம்பூர் தொட்டி:
நேற்றிலிருந்து பெண் மீன் முட்டையிட வைத்த தேங்காய் ஓட்டைவிட்டு வெளியே வரவில்லை. இந்தத் தடவை குஞ்சை நகர்த்தப் போவதில்லை. அப்புறம், இந்த 41-ஐ என்ன செய்வது?

வேளச்சேரி ஆள்:
அண்ணா, நான் வெறும் ஆர்.ஓ.விலேயே வளர்த்து 20-க்கும் மேல் ஆணாக வைத்துக்கொண்டு முழிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் வருவீர்களா?