விசுவமடு வீட்டார்

வசந்தி சின்னம்மா: எல்லாரும் ஒருக்கா வாசியுங்கோ. நிரோவுக்கு விஏ எண்ட, அமெரிக்காவில பழைய ஆமிக்காரரைப் பாக்கிற கந்தோரின்ர கடிதம் வந்திட்டுது. காது இரைச்சலுக்கு இயலாமை 10 வீதம் எண்டு குடுத்திருக்கிறாங்கள், முதுகுக்கு ஒண்டுமில்லை, அமெரிக்கன் ஆமியில இருக்கேக்க வந்த வருத்தம் எண்டதுக்கு ஆதாரம் காணாதாம். ஒரு வருசத்துக்குள்ள திருப்பிப் போட்டு வெண்டால்தான் பழைய திகதியில இருந்து கணக்குப் பாத்துத் தருவாங்கள். மூண்டு வழி இருக்கு, புது ஆதாரத்தோட போடுறது, இல்லாட்டி பெரிய ஆள் ஒருத்தரைக் கொண்டு அதே பைலைத் திரும்பப் பாக்கச் சொல்லுறது அதுக்குப் புதுசா ஒண்டும் குடுக்கேலாது, மற்றது அப்பீல் போர்ட் ஜட்ஜிட்ட போறது அது இழுபடும். இவன் முதலாவதுதான் போடுறான். அதுக்கு 2019 கலியாணவீட்டில அவன்ர முதுகுப்பாட்டைக் கண்ட ஆக்கள் எழுதித் தரோணும்

பெரிய மாமா: கண்ணாடி இல்லை. வொய்ஸ்ல சொல்லு

தர்சன்: முதுகு நோவோ?? என்ர கலியாணத்தில ஆடின வீடியோ இருக்கு 😂

குணா அண்ணா: பேஸ்புக்கிலயும் இருக்கு

வசந்தி சின்னம்மா: ஐயோ அதை எடு ராசா

நிலா: ஏன் எடுப்பான். ஆடினதுக்கு அடுத்த நாள் சுவரைப் பிடிச்சுத்தானே கிணத்தடிக்குப் போனவர், அம்மம்மா எண்ணெய் பூசிவிட்டவ. ரெண்டையும் எழுதுவம்

வசந்தி சின்னம்மா: அதுதான் பிள்ளை. கண்டதை மட்டும் எழுது. என்னத்தால வந்தது எண்டு டொக்டர்தான் எழுதோணும். நாங்கள் எழுதுற போம் 21-10210

குணா அண்ணா: எனக்கு அரசாங்கத்தால வாற 10000 போன மாசம் வரேல்ல. அதுக்கு எந்தப் போம் சின்னம்மா

பெரிய மாமா: காணிக்குக் கையெழுத்துக் கேக்கேக்க இவ்வளவு நீட்டுக்குப் பதில் வரேல்லையே வசந்தி

வசந்தி சின்னம்மா: அண்ணா அதை இதுக்குள்ள கொண்டராதேங்கோ

நிலா: மாமா கண்ணாடி கிடைச்சிட்டுதோ 😄

நிலா: குணா அண்ணா ஜிஎஸ்ஸிட்ட, கிராம சேவகரிட்டக் கேட்டனீங்களோ

குணா அண்ணா: பாங்கில கேக்கட்டாம். பாங்கில ஜிஎஸ்ஸிட்டக் கேக்கட்டாம்

வசந்தி சின்னம்மா: புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பு குணா, பாப்பம்

குணா அண்ணா: டெக்ஸாஸில இருந்து என்னத்தைப் பாப்பியள்

அம்மம்மா: 🎤 0:47

தர்சன்: முதுகுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறாவாம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வரட்டாம்

பெரிய மாமா: வந்தா காணியும் கதைக்கலாம்

நிலா: நான் தமிழில எழுதுவன். ஆர் இங்கிலிசுக்கு மாத்துறது

தர்சன்: கூகிள்

வசந்தி சின்னம்மா: விளையாடாத. கையெழுத்து வைக்கிற கடுதாசி

குணா அண்ணா: நானும் எழுதுறன். பந்தியில நிலத்தில இருக்கேலாமல் என்ர பக்கத்தில கதிரை போட்டு இருந்தவன். காலில்லாத எனக்குப் போட்ட கதிரை அது, ரெண்டாவது தேடித்தான் எடுத்தது

வசந்தி சின்னம்மா: எழுது ராசா. அந்தப் புத்தகத்தையும் அனுப்பு. டியூட்டிக்கு நேரமாச்சு, இரவு எடுக்கிறன்

பெரிய மாமா: உங்கட இரவோ எங்கட இரவோ