பொருள்: காளான் சாஸ் – சட்டியடியில் ஒட்டும் பழுப்புக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

கிரீம் காளான் சாஸ் செய்முறையைத் தமிழில் எழுதும்போது ஓரிடம் இடறுகிறது. காளான் சிவந்தபின் சட்டியடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதை ஆங்கிலச் சமையல் நூல்கள் ‘ஃபாண்ட்’ என்கின்றன. அதில் நீர் விட்டுச் சுரண்டிக் கரைப்பது ‘டீகிளேஸ்’. ‘காந்தல்’, ‘மெருகுநீக்கல்’ என்று போடலாமா?

— — —

> ‘காந்தல்’, ‘மெருகுநீக்கல்’

இரண்டுமே வேண்டாம். காந்தல் அடிப்பிடித்துத் தீய்ந்தது, கசக்கும். சாஸுக்கு வேண்டியது அதற்கு முந்தைய நிலை. ‘மெருகுநீக்கல்’ என்றால் குத்துவிளக்குதான் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சு மூலமும் கைகொடுக்காது: அங்கே ‘ஃபோன்’ என்பது எலும்போ காய்கறியோ கொதிக்கவைத்து எடுக்கும் அடிப்படைச் சாறு. சட்டியில் ஒட்டுவதற்கு அவர்களிடம் ‘ஸ்யுக்’ என்று வேறு சொல்.

வேலையைப் பார்த்தால் சொல் கிடைக்கும். 250 கிராம் பட்டன் காளானை அரை செ.மீ. வில்லைகளாக நறுக்கி, 28 செ.மீ. எவர்சில்வர் வாணலியில் 1 மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் இரண்டு தவணையாகப் போட வேண்டும். காளானில் 90 சதவீதத்துக்கு மேல் நீர். குவித்துப் போட்டால் அந்த நீர் தேங்கும்; நீர் நிற்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, காளான் வெந்து வெளிறுமே தவிரச் சிவக்காது. முதல் 3 நிமிடம் கிளறக் கூடாது. நான்ஸ்டிக்கில் ஏதும் ஒட்டாது, அதனால் இந்தச் சுவையும் குறைவு.

‘சிவக்க வறு’ என்பதுதானே நம் வழக்கு? ஆகவே செம்பற்று. கருகிவிட்டால் கரும்பற்று: அதைக் கரைக்காமல் துடைத்தெறிய வேண்டும்.

— — —

செம்பற்று பிடித்திருக்கிறது. (‘பற்று’ என்றதும் கணக்கர்களுக்கு வரவு நினைவுக்கு வரும். வரட்டும்.) வினைக்கு ‘கரைத்தல்’ போதாது, உப்பும் கரையும். ‘பற்றிளக்கல்’ என்கிறேன், பிடித்ததை நெகிழ்த்துவது என்ற பொருள் வந்துவிடுகிறது.

காளானை எடுத்துவிட்டு, மிதமான தீயில் 20 கிராம் வெண்ணெய், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 6, பூண்டு 2 பல். வெங்காயம் பளபளத்ததும் 60 மி.லி. வெள்ளை ஒயினோ காய்கறிச் சாறோ விட்டு, மரக்கரண்டியால் அடியைத் தேய்த்தால் செம்பற்று இளகிவிடும். 2 மேசைக்கரண்டி அளவுக்குச் சுண்டட்டும். இதற்குப் புதுச்சொல் எதற்கு, ‘சுண்டவைத்தல்’ அச்சாக இருக்கிறது.

அடுத்து 150 மி.லி. கிரீம். இங்கே அட்டைப்பெட்டியில் வரும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு பெரும்பாலும் 25 சதவீதம் அல்லது அதற்கும் கீழ். ஒயினின் புளிப்போடு கொதித்தால் பால்புரதம் திரண்டு சாஸ் திரிந்துவிடும். தீயைச் சிம்மில் வைத்து ஊற்றி, ஓரத்தில் குமிழி வந்ததும் நிறுத்த வேண்டும். 35 சதவீதக் கிரீம் கொதியைத் தாங்கும். காளானையும் உப்பையும் கடைசியில் சேர்த்தால் போதும். எலுமிச்சை பிழிவதானால் இறக்கியபிறகு.

— — —

நன்றி. பட்டியலில் ஏற்றுகிறேன்: செம்பற்று, கரும்பற்று, பற்றிளக்கல். செய்முறைக்குள் ‘பற்றை இளக்கவும்’ என்றே எழுதுகிறேன், பெயர்ச்சொல் அங்கே உறுத்துகிறது. ‘திரிதல்’ பாலுக்கு இருப்பதே இதற்கும்.

‘சாஸ்’ சாஸாகவே இருக்கட்டும். அதற்கும் ஒரு சொல் தேடத் தொடங்கினால் காளான் அழுகிவிடும்.